பருத்தி நாட்டில் ஆட்களே சொத்து: அமெரிக்கத் தென்பகுதியின் அடிமைமுறையும் சமூக அடுக்குகளும்

1860ஆம் ஆண்டு அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது, தென் மாநிலங்களில் கணக்கெடுக்கச் சென்றவர்களிடம் இரண்டு வகைப் படிவங்கள் இருந்தன. முதல் படிவத்தில் சுதந்திரமாக வாழ்ந்தவர்களின் பெயர், வயது, தொழில், சொத்து மதிப்பு ஆகியவை பதிவாயின. இரண்டாவது படிவம் அடிமைகளுக்கு உரியது. அதில் எழுதப்பட்ட பெயர் உரிமையாளருடையது. அதற்குக் கீழே ஒவ்வொரு வரியிலும் ஒரு வயது, ஆணா பெண்ணா என்ற குறிப்பு, கறுப்பரா கலப்பினத்தவரா என்ற குறிப்பு, அவ்வளவுதான். இப்படிப் பெரும்பாலும் பெயரில்லாமலேயே எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 39 லட்சத்து 50 ஆயிரம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் வாழ்க்கை பருத்தியைச் சுற்றியே கழிந்தது.

தென் கரோலினாவில் தொடங்கி ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா வழியாகக் கிழக்கு டெக்சாஸ் வரை நீண்டு கிடந்த இந்தப் பருத்தி நாட்டைப் புரிந்துகொள்ள விரும்பும் புதிய வாசகர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் ஊர்ப் பக்கம் ஒரு மிராசுதாரரின் செல்வாக்கை அவருக்கு எத்தனை வேலி நிலம் என்று கேட்டு அளந்தார்கள். மிசிசிப்பியிலோ அலபாமாவிலோ ஒருவரின் செல்வாக்கை அறிய அவரிடம் எத்தனை ஆட்கள் என்று கேட்டார்கள். நிலம் அங்கே மலிவு. மனிதர்கள்தான் விலை உயர்ந்த சொத்து. அடிமைமுறை, பெருந்தோட்ட வேளாண்மை, சமூக அடுக்குகள் ஆகிய மூன்றையும் பாடநூல்கள் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்துவிடுகின்றன. அவற்றை ஒன்றாகக் கட்டி நிறுத்தியது இந்தக் கணக்குதான் என்பது என் எண்ணம்.

செடியும் எந்திரமும்

தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடலோரத் தீவுகளில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நீண்ட இழைப் பருத்தி விளைந்தது. அதன் கொட்டை வழுவழுப்பானது. இரண்டு உருளைகளுக்கு இடையே விட்டால் பஞ்சு ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமும் எளிதாகப் பிரிந்துவிடும். ஆனால் அந்தச் செடி கடலோரத்தைத் தாண்டி உள்நாட்டில் பிழைக்கவில்லை. உள்நாட்டு நிலங்களில் செழித்து வளர்ந்த குட்டை இழைப் பருத்தியின் பச்சைக் கொட்டையோ பஞ்சை விடாமல் பற்றிக்கொண்டிருந்தது. ஓர் ஆள் நாள் முழுவதும் உட்கார்ந்து கையால் பிரித்தாலும் ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான பஞ்சுதான் தேறும்.

1793இல் ஜார்ஜியாவின் சவானா நகருக்கு அருகிலிருந்த ஒரு பெருந்தோட்டத்தில் தங்கியிருந்த ஈலை விட்னி என்ற வடமாநிலத்து இளைஞர் இந்தச் சிக்கலுக்கு ஓர் எந்திரத்தைச் செய்து காட்டினார். சுழலும் மர உருளையில் கம்பிப் பற்கள் பதித்திருக்கும். பற்கள் பஞ்சைப் பிடித்துக் குறுகிய இடுக்குகள் வழியாக இழுக்க, அந்த இடுக்குகளில் நுழைய முடியாத கொட்டைகள் பின்னால் தங்கிவிடும். எதிர்ப்புறம் சுழலும் தூரிகை பஞ்சைப் பற்களிலிருந்து வழித்தெடுக்கும். ஒரு நாளில் 50 பவுண்டு பஞ்சைப் பிரிக்க முடிந்தது. விட்னி 1794இல் காப்புரிமை பெற்றார்; ஆனாலும் அமைப்பு அவ்வளவு எளிமையாக இருந்ததால் ஊர்க் கொல்லர்களே அதைப் பார்த்துச் செய்துகொண்டார்கள், அவருக்கு அதனால் பெரிய வருமானம் வரவில்லை.

வேலையைக் குறைக்க வந்த எந்திரம் அடிமைகளின் தேவையை ஏன் கூட்டியது என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். உழவு, விதைப்பு, களையெடுப்பு, பறிப்பு, கொட்டை நீக்கல் என்று நீளும் வேலைகளில் கடைசி ஒன்றை மட்டுமே எந்திரம் எளிதாக்கியது. அந்த ஒரு தடை விலகியதும் எவ்வளவு விளைந்தாலும் விற்கலாம் என்ற நிலை வந்தது. மற்ற வேலைகள் எல்லாம் மனிதக் கையை நம்பியே இருந்தன. பருத்தி பறிக்கும் எந்திரம் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். 1790இல் சில ஆயிரம் பொதிகளாக இருந்த அமெரிக்கப் பஞ்சு விளைச்சல், 1860இல் ஒரு பொதிக்கு ஏறத்தாழ 400 பவுண்டு என்ற கணக்கில் 40 லட்சம் பொதிகளைத் தாண்டியிருந்தது. அதே காலத்தில் அடிமைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 7 லட்சத்திலிருந்து 40 லட்சத்தை நெருங்கியது.

நிலமும் ஆட்களும் வந்த வழி

அலபாமாவின் கருமண் நிலங்களும் மிசிசிப்பி ஆற்றங்கரை வண்டலும் காலியாகக் கிடக்கவில்லை. கிரீக், சோக்டா, சிக்கசா, செரோக்கி ஆகிய பழங்குடி மக்கள் அங்கே சோளம் பயிரிட்டு, ஊர் அமைத்து வாழ்ந்தார்கள். 1814இல் போரில் தோற்ற கிரீக் மக்களிடமிருந்து ஓர் உடன்படிக்கையின் பேரில் 2 கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் எடுக்கப்பட்டது. 1830இல் ஆண்ட்ரூ ஜாக்சன் குடியரசுத் தலைவராக இருந்தபோது பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு சோக்டா மக்கள் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் ஏக்கரை இழந்தார்கள். 1838-39இல் படைவீரர்களின் காவலில் மேற்கே நடத்திச் செல்லப்பட்ட செரோக்கிகளில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டார்கள். அந்தச் செரோக்கிகளிலும் சோக்டாக்களிலும் சில செல்வந்தர்கள் தாங்களே அடிமைகளை வைத்திருந்து, போகும்போது அவர்களையும் உடன் கொண்டுசென்றார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இப்படிக் காலியாக்கப்பட்ட நிலத்தைக் கூட்டாட்சி அரசு ஏக்கருக்கு 1.25 டாலர் என்ற குறைந்தபட்ச விலையில் விற்றது.

ஆட்கள் வந்த கதை வேறு. 1808 முதல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. ஆனால் வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களில் புகையிலை நிலங்கள் சத்திழந்து வருமானம் குறைந்திருந்தது. அங்கிருந்த முதலாளிகளுக்குத் தங்கள் அடிமைகளைத் தெற்கே விற்பது புதிய வருமானமானது. வர்ஜீனியாவின் அலெக்சாந்திரியாவில் இயங்கிய பிராங்க்ளின் அண்டு ஆம்ஃபீல்டு என்ற நிறுவனம் ஆட்களை வாங்கிச் சேர்த்து, கப்பலிலோ சங்கிலியால் பிணைத்து வாரக்கணக்கில் நடத்தியோ, மிசிசிப்பியின் நாட்செஸ், லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் சந்தைகளுக்கு அனுப்பியது. 1790க்கும் 1860க்கும் இடையில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இவ்வாறு பழைய மாநிலங்களிலிருந்து பருத்தி நாட்டுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். இவர்களில் பலர் முதலாளி குடிபெயர்ந்தபோது உடன் கொண்டுவரப்பட்டவர்கள். மிகப் பலர் தனியாக விற்கப்பட்டவர்கள். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. ஆகவே கணவனை ஒருவருக்கும் மனைவியை இன்னொருவருக்கும் விற்பதைத் தடுக்க எந்த நீதிமன்றமும் இல்லை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662இலேயே வர்ஜீனியா சட்டம் இயற்றியிருந்தது. தந்தை யார் என்பதற்கு அதில் இடமில்லை; அந்தத் தந்தை பல நேரங்களில் முதலாளியாகவே இருந்தார்.

ஓர் ஆண்டின் வேலை

பருத்தி அவசரப்படுத்தாத பயிர், ஆனால் ஓய்வும் கொடுக்காத பயிர். பிப்ரவரி, மார்ச்சில் பழைய பருத்திச் செடிகளின் காய்ந்த மாரை அகற்றி உழுது பாத்தி கட்டுவார்கள், ஏப்ரலில் விதைப்பு, முளைத்த பிறகு கோடை முழுவதும் மண்வெட்டியால் களை கொத்தி, நெருக்கமாக முளைத்த பயிரைக் கலைத்துவிடுவார்கள். ஆகஸ்டு இறுதியில் காய் வெடிக்கத் தொடங்கினால் டிசம்பர் வரையிலும், சில ஆண்டுகளில் சனவரி வரையிலும் பறிப்பு நீளும். ஒரே செடியில் காய்கள் வெவ்வேறு நாட்களில் வெடிப்பதால் அதே வரிசையில் மூன்று நான்கு முறை நடக்கவேண்டும். இடையில் கிடைத்த நாட்களில் மக்காச்சோளம் விதைப்பது, பன்றி வளர்ப்பது, வேலி அடைப்பது, காடு வெட்டுவது என்று வேலை வந்துகொண்டே இருந்தது.

நெல் விளைந்த கடலோரத்தில் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று வேலையை அளந்து கொடுத்து, முடித்தவர் மிச்ச நேரத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பருத்திப் பெருந்தோட்டத்தில் பெரும்பாலும் அப்படி இல்லை. கூட்டமாக நிறுத்தி, வரிசையாக வேலை வாங்கினார்கள். முழு வலிமையுள்ளவர் ஒரு முழு ஆள். சிறுவரும் முதியவரும் கருவுற்ற பெண்களும் அரை ஆள், கால் ஆள் என்று கணக்கிடப்பட்டார்கள். களத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலையில் பெரிய வேறுபாடு இல்லை. கூட்டத்தை முடுக்கிவிடுவதற்காக அடிமைகளிலிருந்தே ஒருவரைக் கங்காணியாக வைத்தார்கள். அவருக்கு மேலே கூலிக்கு அமர்த்தப்பட்ட வெள்ளை மேற்பார்வையாளர் இருந்தார்.

பறிப்புக் காலத்தின் மாலை எப்படி இருந்தது என்பதற்குச் சாலமன் நார்த்தப் எழுதிவைத்த சாட்சியம் இருக்கிறது. அவர் நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராகப் பிறந்தவர்; 1841இல் வாஷிங்டனில் கடத்தப்பட்டு, லூசியானாவில் 12 ஆண்டுகள் அடிமையாக இருந்து, 1853இல் விடுதலை பெற்றார். எட்வின் எப்ஸ் என்பவரின் தோட்டத்தில் அவர் முதல் நாள் முழுவதும் பறித்த பருத்தி இரவு தராசில் ஏறியபோது 95 பவுண்டுதான் இருந்தது. சாதாரணமாக ஒருவரிடம் எதிர்பார்க்கப்பட்டது 200 பவுண்டு. புதியவர் என்பதால் அன்று மன்னிக்கப்பட்டார்; மற்றவர்களுக்கு எடை குறைந்தால் சாட்டையடி. எடை கூடினாலும் ஆபத்துதான், ஏனென்றால் மறுநாள் முதல் அதுவே அவருக்குரிய அளவாகிவிடும். ஆகவே குறைவாகப் பறித்தவரும் அதிகமாகப் பறித்தவரும் அச்சத்தோடுதான் தராசை நெருங்கினார்கள் என்று அவர் எழுதுகிறார். அதே தோட்டத்தில் பாட்சி என்ற இளம்பெண் ஒரே நாளில் 500 பவுண்டு பறிக்கக்கூடியவர். அந்தக் கைத்திறன் அவருக்கு எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. எப்ஸின் காமத்துக்கும் எப்ஸ் மனைவியின் பொறாமைக்கும் இடையில் சிக்கி, அந்தத் தோட்டத்தில் மிகக் கொடிய அடியை வாங்கியவரும் அவரே.

இந்தத் தராசுக் கணக்குகள் நோட்டுகளில் எழுதப்பட்டன. மிசிசிப்பியைச் சேர்ந்த தாமஸ் ஆஃப்லெக் என்பவர் 1840களின் இறுதியிலிருந்து இதற்கென்றே கோடு போட்டு அச்சிட்ட கணக்கு நோட்டுகளை விற்றார். அதில் ஒவ்வோர் ஆளின் தினசரிப் பறிப்புக்கும் ஒரு கட்டம் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் அந்த ஆளின் விலை என்ன, ஆண்டு முடிவில் என்ன என்று குறிக்கவும் இடம் உண்டு. இன்று ஒரு நிறுவனம் தன் எந்திரங்களுக்குத் தேய்மானம் எழுதும் முறையில் அன்று மனிதர்களுக்கு எழுதினார்கள். பெருந்தோட்டம் என்பது நவீனத்துக்கு முந்தைய, சோம்பலான நிலப்பிரபுத்துவம் என்று நினைப்பவர்கள் இந்த நோட்டுகளில் ஒன்றைப் புரட்டிப் பார்க்கவேண்டும்.

கூலி இல்லாத இந்த உழைப்புக்கு ஈடாகக் கிடைத்தது பொதுவாக வாரத்துக்கு ஒரு மரக்கால் அளவு சோளமாவு, மூன்று நான்கு பவுண்டு பன்றி இறைச்சி, ஆண்டுக்கு இரண்டு முறை முரட்டுத் துணி, ஒரு சோடி செருப்பு. பலர் குடிசைக்குப் பின்னால் காய்கறி போட்டும் இரவில் மீன் பிடித்தும் அந்த உணவை நிரப்பிக்கொண்டார்கள். வேலையை மெதுவாக்குவது, கருவியை உடைப்பது, சில நாட்கள் காட்டில் ஒளிந்துகொண்டு திரும்புவது, பருத்திக் கூடையில் ஈரத்தையோ கல்லையோ சேர்த்து எடை கூட்டுவது என்று எதிர்ப்பும் அன்றாட வடிவங்களில் இருந்தது. 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு தென் மாநிலங்கள் பல, அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதைக் குற்றமாக்கும் சட்டங்களை இயற்றின, அல்லது இருந்தவற்றைக் கடுமையாக்கின.

அடமானத்தில் இருந்த மனிதர்கள்

1860இல் நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் உழைக்கும் வயதிலுள்ள ஓர் ஆணின் விலை ஏறத்தாழ 1,800 டாலர். அரசு நிலத்தின் குறைந்தபட்ச விலையோடு ஒப்பிட்டால் ஒரு மனிதரின் விலையில் 1,400 ஏக்கருக்கு மேல் வாங்கலாம். (நல்ல பருத்தி நிலம் அந்த விலைக்குக் கிடைக்காது என்றாலும், கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு.) நிலம் ஓரிடத்தில் கிடப்பது, சில ஆண்டுகளில் சத்திழந்துவிடுவது. அடிமையை வேறு மாநிலத்துக்கு நடத்திச் செல்லலாம், வாடகைக்கு விடலாம், மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம், கடனுக்கு ஈடாக வைக்கலாம். 1837இல் பருத்தி விலை சரிந்து வங்கிகள் முறிந்தபோது கடன்பட்ட முதலாளிகள் பலர் நிலத்தை விட்டுவிட்டு, ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக டெக்சாஸுக்கு ஓடினார்கள். எதைச் சொத்தாகக் கருதினார்கள் என்பதை அந்த ஓட்டமே காட்டிவிடுகிறது.

பருத்தி ஆண்டுக்கு ஒரு முறை விற்கும் பயிர் என்பதால் முதலாளி எப்போதும் கடனில்தான் இருந்தார். நியூ ஆர்லியன்ஸிலோ அலபாமாவின் மொபைல் துறைமுகத்திலோ இருந்த தரகு வணிகர் முன்பணம் கொடுப்பார், சாமான் வாங்கி அனுப்புவார், அறுவடையானதும் பொதிகளை விற்றுக் கணக்கை நேர் செய்வார். அந்தக் கடன்களுக்கு ஈடு அடிமைகள். லூசியானாவில் 1827இல் தொடங்கப்பட்ட ஒரு பெருந்தோட்டக்காரர் வங்கி, அடமானமாக வந்த நிலத்தையும் ஆட்களையும் அடிப்படையாக வைத்து வெளியிட்ட பத்திரங்களை லண்டனின் பேரிங் நிறுவனம் ஐரோப்பிய முதலீட்டாளர்களுக்கு விற்றுக்கொடுத்தது. 2005இல் ஜேபி மார்கன் சேஸ் வங்கி, பிற்காலத்தில் தன்னோடு இணைந்த இரண்டு லூசியானா வங்கிகள் 1831க்கும் 1865க்கும் இடையில் ஏறத்தாழ 13,000 அடிமைகளை ஈடாக ஏற்றிருந்ததையும், கடன் திரும்பாதபோது ஏறத்தாழ 1,250 பேருக்கு அவ்வங்கிகளே உரிமையாளரானதையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 1860இல் அடிமைகளின் மொத்தச் சந்தை மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல். அது நாட்டின் ரயில்பாதைகளிலும் தொழிற்சாலைகளிலும் போட்டிருந்த முதலீட்டைச் சேர்த்தாலும் அதைவிட அதிகம். அடிமைமுறை தானாகவே நலிந்து போயிருக்கும் என்று சொல்பவர்கள் இவ்வளவு பெரிய சொத்தை யார் தாமாகக் கைவிட்டிருப்பார்கள் என்பதற்கு விடை சொல்வதில்லை.

யார் மேலே, யார் கீழே

1860இல் அடிமைமுறை இருந்த 15 மாநிலங்களில் வெள்ளையர் ஏறத்தாழ 80 லட்சம் பேர். அவர்களில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் 4 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. குடும்பக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பம். மிசிசிப்பியிலும் தென் கரோலினாவிலும் அது பாதியை நெருங்கியது. 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தவரையே பெருந்தோட்ட முதலாளி என்று ஆய்வாளர்கள் வழக்கமாக வகைப்படுத்துகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் ஏறத்தாழ 46,000 பேர். 100 பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்கள் 2,300 பேர் அளவில்தான். சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மேல்தட்டிலிருந்தும், அதற்கு வேலை செய்த வழக்கறிஞர்கள், வணிகர்களிடமிருந்தும் வந்தவர்கள். நாட்செஸ் நகரின் குன்றுமேல் வெண்தூண் மாளிகைகளில் வாழ்ந்தவர்கள் பலரின் தோட்டங்கள் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தன. தங்கள் அடிமைகளில் பெரும்பாலோரின் முகத்தைக்கூட அவர்கள் அறியார்.

அடிமை உரிமையாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஐந்துக்கும் குறைவானவர்களே இருந்தார்கள். இவர்கள் அடிமையோடு சேர்ந்து தாமும் வயலில் இறங்கினார்கள். ஆனால் அந்த அருகாமையைக் கருணை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மேலே சொன்ன எட்வின் எப்ஸ் முதலில் மேற்பார்வையாளராக இருந்து, பிறகு உறவினரின் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, பத்துக்கும் குறைவான ஆட்களோடு மேலே ஏற முயன்றவர். ஒவ்வொரு பவுண்டு பருத்தியும் அவருக்கு அடுத்த படி. அதனால்தான் அவர் தராசு அவ்வளவு கொடூரமாக இருந்தது.

இவர்களுக்கு அடுத்து, தொகையில் மிகப் பெரிய பிரிவு, அடிமைகள் இல்லாத சிறு உழவர்கள். குன்றுப் பகுதிகளில் சொந்த நிலத்தில் சோளமும் பன்றியும் வளர்த்து, வரி கட்டவும் உப்பு, இரும்பு வாங்கவும் ஒன்றிரண்டு பொதி பருத்தி விளைவித்தார்கள். அந்தப் பருத்தியின் கொட்டையை நீக்கவும் பொதி கட்டவும் அண்டையிலிருந்த பெரிய தோட்டத்து எந்திரத்தைத்தான் நாடவேண்டும். நிலமும் இல்லாத ஏழை வெள்ளையர் குத்தகைக்கும் கூலிக்கும் அலைந்தார்கள். அடிமை உழைப்பு கிடைக்கும் இடத்தில் அவர்களுடைய கூலிக்கு மதிப்பில்லை.

சுதந்திரக் கறுப்பர்கள் அடிமை மாநிலங்கள் அனைத்திலும் சேர்த்து ஏறத்தாழ 2 லட்சத்து 60 ஆயிரம் பேர். மிசிசிப்பி முழுவதும் ஆயிரத்துக்கும் குறைவு. நாட்செஸில் முடிதிருத்தும் கடைகள் நடத்திய வில்லியம் ஜான்சன் அவர்களில் ஒருவர். அடிமையாகப் பிறந்து 1820இல் விடுவிக்கப்பட்ட அவர், வெள்ளையர்க்குக் கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார், 1835 முதல் நாட்குறிப்பு எழுதினார், தாமும் அடிமைகளை வைத்திருந்தார். 1851இல் ஓர் எல்லைத் தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் தம்மை வெள்ளையர் என்று கூறிக்கொண்டார். நேரில் பார்த்தவர்கள் கறுப்பர்கள். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்லச் சட்டம் இடம் தராததால் குற்றவாளி தண்டனையின்றித் தப்பினார். அடிமைகளை வைத்திருக்கும் அளவுக்குச் செல்வம் இருந்தும் ஜான்சனால் சாட்சிக்கூண்டில் செல்லுபடியாகும் ஒரு சொல்லை வாங்க முடியவில்லை. அந்தச் சமூகத்தில் வர்க்கத்தின் எல்லை எங்கே முடிந்து நிறத்தின் எல்லை எங்கே தொடங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கை நான் படித்ததில்லை.

அடிமைகளுக்குள்ளும் படிநிலை இருந்தது. கொல்லர், தச்சர், கங்காணி, சமையற்காரர், பிள்ளை வளர்க்கும் தாதி ஆகியோருக்கு வயலாட்களைவிட உணவும் உடையும் சற்று மேலாகக் கிடைக்கலாம். ஆனால் வீட்டு வேலைக்காரர் இரவும் பகலும் முதலாளி குடும்பத்தின் கண்ணெதிரே இருக்கவேண்டியவர். பெண்களுக்கு அது தனி ஆபத்து. முதலாளி இறந்து சொத்து பிரிக்கப்படும் நாளில் கொல்லரும் வயலாளும் ஒரே ஏலப் பட்டியலில்தான் வந்தார்கள்.

சொத்தில்லாதவர்கள் ஏன் துணை நின்றார்கள்

நான்கில் மூன்று வெள்ளைக் குடும்பங்களுக்கு அடிமைகளே இல்லையென்றால் அவர்கள் இந்த அமைப்பை ஏன் தாங்கினார்கள்? இந்தக் கேள்விக்கு ஒரே விடை இல்லை. மேலே ஏறும் ஆசை ஒன்று: ஓர் ஆளை வாங்கிவிட்டால் தாமும் முதலாளி. சார்பு இன்னொன்று: கொட்டை நீக்கும் எந்திரமும் கடனும் சந்தைக்குப் போகும் வழியும் பெரிய தோட்டத்திடம் இருந்தன. இரவில் சாலைகளில் சுற்றி, அனுமதிச் சீட்டு இல்லாத அடிமைகளைப் பிடித்து அடிக்கும் ரோந்துப் பணியில் ஏழை வெள்ளையர்களும் சேர்க்கப்பட்டார்கள்; அதிகாரத்தில் ஒரு சிறு பங்கு அப்படி அவர்களுக்கும் கிடைத்தது. எவ்வளவு வறியவராக இருந்தாலும் தமக்குக் கீழே பிறப்பால் ஒரு கூட்டம் இருக்கிறது என்ற உறுதியும் அவர்களுக்கு இருந்தது. தென் கரோலினாவின் செனட் உறுப்பினர் ஜேம்ஸ் ஹென்றி ஹாமண்ட் 1858 மார்ச்சில் செனட்டிலேயே இதைக் கொள்கையாகப் பேசினார். எந்தச் சமூகத்திலும் இழிந்த வேலைகளைச் செய்ய ஓர் அடித்தட்டு வேண்டும். தெற்கு அதற்கு இன்னொரு இனத்தைக் கண்டுகொண்டது என்பது அவர் வாதம். பருத்தியே அரசன், அதன்மேல் போர் தொடுக்க உலகில் எந்தச் சக்தியும் துணியாது என்று அவர் சொன்னதும் அதே உரையில்தான்.

எல்லோரும் அதை நம்பிவிடவில்லை. வட கரோலினாவைச் சேர்ந்த ஹின்டன் ரோவன் ஹெல்பர் 1857இல் ஒரு நூல் எழுதி, அடிமைமுறை ஏழை வெள்ளையரையே கெடுக்கிறது என்று புள்ளிவிவரங்களோடு வாதிட்டார். கறுப்பர்களின் மேல் இரக்கத்தால் அல்ல. அவர் கடும் இனவெறியர். ஆனாலும் தெற்கில் அந்த நூலைப் பரப்பியவர்கள் கைதானார்கள். அடிமையில்லாத வெள்ளையர்கள் வர்க்கக் கணக்குப் போடத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது முதலாளிகளுக்குத் தெரிந்திருந்தது. 1861இல் வட மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கிய பிறகு அந்தப் பிளவு வெளியே தெரிந்தது. 1862 அக்டோபரில், பிரிந்துபோன மாநிலங்களின் அரசான தென் கூட்டமைப்பு, 20 அடிமைகளைக் கொண்ட தோட்டத்துக்கு ஒரு வெள்ளையரைக் கட்டாயப் படைச்சேர்க்கையிலிருந்து விலக்கியது. பணக்காரரின் போரில் ஏழைகள் சாகிறார்கள் என்ற முணுமுணுப்பு படைமுகாம்களில் பரவியது. அடிமைகள் குறைவாக இருந்த மிசிசிப்பியின் ஜோன்ஸ் மாவட்டத்தில் நியூட்டன் நைட் தலைமையில் படையை விட்டு ஓடியவர்கள் ஆயுதம் ஏந்திக் கூட்டமைப்பையே எதிர்த்தார்கள்.

கடல் கடந்த வாடிக்கையாளர்கள்

இந்தப் பஞ்சில் பெரும்பகுதி லிவர்பூல் துறைமுகம் வழியாக லங்காஷயர் ஆலைகளுக்குச் சென்றது; 1850களின் இறுதியில் பிரிட்டன் வாங்கிய பருத்தியில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கப் பருத்தி. ஒரே நாட்டை நம்பியிருப்பது ஆபத்து என்று பிரிட்டன் முன்பே உணர்ந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1840இல் அமெரிக்கப் பருத்தித் தோட்டக்காரர்கள் சிலரைச் சம்பளத்துக்கு அமர்த்தி இந்தியாவுக்கு அழைத்துவந்தது. 1842 முதல் தாவரவியலாளர் இராபர்ட் வைட் கோயம்புத்தூரில் அமெரிக்க விதைகளைக் கொண்டு சோதனைப் பண்ணைகளை நடத்தினார். அந்த முயற்சி பெரிய வெற்றி பெறவில்லை. 1861இல் போரும், தென் துறைமுகங்களை வடக்கு முற்றுகையிட்டதும் வந்து அமெரிக்கப் பஞ்சு நின்றபோதுதான் இந்தியப் பருத்தியின் விலை ஏறி, பம்பாய் வணிகர்கள் பெரும்பணம் பார்த்தார்கள். ஹாமண்ட் எதிர்பார்த்ததற்கு மாறாக, பிரிட்டன் பருத்திக்காகப் போரில் தலையிடவில்லை.

1865க்குப் பிறகு

1865 டிசம்பரில் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் கேட்டது நிலம். போரின் இறுதியில் தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துத் தரும் ஆணை பிறந்தது. அதே ஆண்டு குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திருப்பி, நிலத்தைப் பழைய உரிமையாளர்களிடமே ஒப்படைக்கச் செய்தார். மிசிசிப்பி அவ்வாண்டு நவம்பரிலேயே புதிய சட்டங்கள் இயற்றி, ஒவ்வொரு சனவரியிலும் கறுப்பர்கள் வேலையில் இருப்பதற்கான எழுத்துச் சான்று வைத்திருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. இல்லாதவர் நாடோடி என்று தண்டிக்கப்படலாம்.

அடுத்த சில ஆண்டுகளில் உருவானது வாரச் சாகுபடி, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிடும் முறை. முதலாளி நிலம், குடிசை, கோவேறு கழுதை, விதை கொடுப்பார். குடும்பம் உழைத்து விளைச்சலில் பாதியைக் கொடுக்கும். கூட்டமாக நின்று சாட்டையின் கீழ் வேலை செய்ய இனி மாட்டோம் என்று விடுதலை பெற்றவர்கள் மறுத்ததும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம். தம் குடும்பத்தின் வேலையைத் தாமே நடத்தும் உரிமையை அவர்கள் போராடித்தான் பெற்றார்கள். ஆனால் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே சாப்பிடக் கடன் வேண்டும். ஆட்களை ஈடு வைக்கும் வழி அடைபட்ட பிறகு, 1866இல் ஜார்ஜியாவும் 1867இல் மிசிசிப்பியும் இன்னும் விளையாத பயிரையே கடனுக்கு ஈடாக எழுதிவைக்கச் சட்டம் செய்தன. ஊர்க் கடைக்காரர் கூடுதல் விலையில் சோளமாவும் பன்றி இறைச்சியும் கொடுத்து, பருத்தி மட்டுமே விளைவிக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார். ஏனென்றால் சோளத்தைக் குடும்பம் தின்றுவிடும், பருத்தியைத் தின்ன முடியாது. ஆண்டு முடிவில் கணக்குத் தீராத குடும்பம் அடுத்த ஆண்டும் அதே கடையில், அதே நிலத்தில் கட்டுண்டது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள், முன்பு குன்றுப் பகுதிகளில் சொந்த நிலம் வைத்திருந்த வெள்ளைச் சிறு உழவர்களும் பெரும் எண்ணிக்கையில் அதே கடன் ஏட்டில் பெயர் எழுதப்பட்டவர்களாகியிருந்தார்கள்.